எங்கள் தெரு நடுவே போகும் எல்லை

கோடு போட்டுப் பிழைத்தவன் நான். கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. முதலில் பலகையும் பென்சிலும், பிறகு கம்ப்யூட்டர். ஓய்வு பெற்றுச் சேலையூர்ப் பக்கம் வீட்டோடு உட்கார்ந்த பிறகும், எந்தக் கோடு எங்கே தப்பாகப் போகிறது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எதிர் மனையில் மதில் எழுப்புகிறவன் ஒரு விரல்கடை சாய்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "கண்ணுக்குள்ள ஸ்கேல் வெச்சிருக்கீங்களா?" என்பாள் என் மனைவி. அப்பேர்ப்பட்ட நான், என் வீட்டு வாசலிலேயே போகிற ஒரு கோட்டைப் பார்க்காமல் கோட்டைவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே வந்து இரண்டு திருப்பம் திரும்பினால் எங்கள் தெரு. வடக்கு தெற்காக நீளும். மேற்கு வரிசையில் எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் கடன் வாங்கிக் கட்டிய மாடி வீடுகள். கிழக்கு வரிசை கொஞ்சம் பழையது, கொஞ்சம் பள்ளம். அந்த வரிசையில் ஒரு மாவு மில். நடத்துகிறவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு அம்மா. கணவர் போன பிறகு மில்லை அவரேதான் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து பதினோரு மணிக்கு ஷட்டரைத் தூக்குவார். மற்ற நாளெல்லாம் காலை எட்டுக்கே சத்தம் ஆரம்பித்துவிடும். புருவத்திலும் முன்முடியிலும் எப்போதும் மாவு படிந்திருக்கும், அதனால் அவருக்கு என்ன வயது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மழைக்காலம் வந்தால் தெருத் தண்ணீர் முழுக்க அந்த மில்லுக்குள்தான் போகும். வாசலில் மண் மூட்டை அடுக்குவார், பலகை வைத்து அடைப்பார், எதற்கும் அடங்காது. தெருவுக்கு ஒரு மழைநீர்க் கால்வாய் வேண்டும் என்று மனு எழுதுவார்கள். எழுதுவார்கள் என்ன, நான்தான் எழுதுவேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எழுதுவேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு, தெருவின் வரைபடம் ஒன்றும் வைத்து, அடியில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் அந்த அம்மாவின் பெயர். ஆனால் பல வருஷம் எங்களுக்குக் கவுன்சிலர் என்றே ஒருவர் கிடையாது. ஆபீஸுக்குப் போனால் நாற்காலியில் ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம் இருக்கும். பழைய மனு எங்கே என்று கேட்டால் புது மனு கொடுங்கள் என்பார்கள்.

பிறகு ஊர் மாநகராட்சி ஆனது. வார்டுகளைப் புதிதாகப் பிரித்தார்கள், தேர்தலும் அறிவித்தார்கள். ஒருநாள் மத்தியானம் மில்லுக்காரம்மா என் வீட்டு கேட்டைத் தட்டினார். மாவு முகத்தோடு அப்படியே வந்திருந்தார்.

"சார், நான் நிக்கப் போறேன்."

"எங்கம்மா?"

"எலக்‌ஷன்ல சார். நம்ம வார்டு லேடீசுக்குன்னு வந்துட்சு. சுயேச்சையா நிக்கறேன்."

நான் சிரித்துவிட்டேன். கெட்ட எண்ணத்தில் இல்லை, வாய் தானாகப் போய்விட்டது. அவர் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க சார். போன மழைல மோட்டாரு முழுகிப்போச்சு. காயில மாத்திதான் ஓட்டிகினு கீறேன். இன்னொரு மழைக்கு மில்லு தாங்காது, மூடிட வேண்டியதுதான். இத்தினி வருஷம் மனு குட்த்துக் குட்த்துப் பாத்தாச்சு. ஒருத்தனும் கேக்கல. கேக்க வேண்டிய எடத்துல நானே போய்க் குந்திக்கறேன்."

உள்ளேயிருந்து என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மனுவுல ஒருத்தர் முன்மொழியணுமாம். நீங்கதான் சார் கையெழுத்துப் போடணும்" என்றார் அந்த அம்மா.

பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை எனக்கு. இவ்வளவு படித்தவர்கள், சம்பாதித்தவர்கள் இருக்கிற தெருவில் என்னைத் தேடி வந்து கேட்டிருக்கிறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல வார்டு எதுலேருந்து எது வரைக்கும்னு பார்ப்போம்மா. எல்லை தெரியாம எப்படி நிக்கிறது?" என்றேன். அன்றே எல்லை விவரத்தைத் தேடி எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாளை நீங்கள் யாரும் படித்திருக்க மாட்டீர்கள், நானும் அதுவரை படித்ததில்லை. ஆனால் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். படம் கிடையாது, வெறும் வார்த்தை. ஒரு மூலையில் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்து மதிலோடு கிழக்கே போகிறது, ஏரிக்கரையைத் தொடுகிறது, கரையோடு தெற்கே திரும்புகிறது, இன்ன தெருவின் வடபக்கமாக, இன்ன தெருவின் நடுவாக, இன்ன சர்வே எண்ணின் ஓரமாக என்று நடந்து நடந்து கடைசியில் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கிறது. ஒரு இடத்தில்கூட அறுபடவில்லை. அடேயப்பா! வாழ்நாள் முழுக்க நான் போட்ட கோடெல்லாம் தாளில் கிடந்தன. இங்கே யாரோ ஒருவர் படமே இல்லாமல், வார்த்தையால் ஊரைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார். அதற்குள்ளே ஆயிரக்கணக்கான பேர் தூங்கி எழுந்து சமைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், ஒருவருக்கும் கோடு காலில் தட்டுப்படவில்லை. அந்தத் தாளை எழுதிய குமாஸ்தா யாரென்று தெரிந்தால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் காலையிலிருந்து நானும் அந்த அம்மாவும் எல்லையை நடந்து பார்க்க ஆரம்பித்தோம். மில் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம். துணைக்கு என் மனைவியும் வந்தாள், "நீங்க போற வழியில யார்கிட்டயாவது வம்பு வளர்ப்பீங்க" என்று காரணம் சொல்லிக்கொண்டு. நான் தாளைப் பார்த்துப் பார்த்து வழி சொல்வேன். ஏரிக்கரையில் கையை வீசி நடக்கிறவர்களுக்கு நடுவில் மூன்று பேர் தாளும் கையுமாகப் போனால் எல்லோரும் பார்க்கத்தான் பார்ப்பார்கள். ஓரிடத்தில் கோடு ஒரு டீக்கடைக்குள் புகுந்து வெளியே வந்தது. அடுப்பு எங்கள் வார்டு, பெஞ்சு பக்கத்து வார்டு. அதைச் சொன்னதும் டீ மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் யாருக்கு சார் ஓட்டுப் போடணும்?" என்று கேட்டார். "உன் வீடு எங்கப்பா?" என்றேன். "பொழிச்சலூரு" என்றார். அது எங்கள் ஊரே இல்லை, அட போய்யா என்று வந்துவிட்டோம்.

நான் கோட்டைக் காட்டினேன். அந்த அம்மா கோட்டுக்குள் இருப்பதைக் காட்டினார். இரண்டாவது நாளே எனக்கு அது புரிந்துவிட்டது. ஒரு வீட்டைத் தாண்டும்போது, "இந்த வூட்ல சத்து மாவு சார், கொயந்தைக்கு ஏழு மாசம்" என்பார். இன்னொரு வீட்டைக் காட்டி, "இவுங்க கேவுரு மட்டுந்தான், பெரியவருக்கு சுகரு" என்பார். பெரிய அப்பார்ட்மெண்ட் வாசலில் செக்யூரிட்டி எங்களை முறைத்துக்கொண்டிருக்க, "மேல மூணாவது மாடில வடக்கத்தி ஆளுங்க, ஓ.எம்.ஆர்ல வேலை. கோதுமை கொண்டாந்து நைஸா அரைக்கச் சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்குத் தமிழ் வராது, மாவைத் தொட்டுத் தொட்டுக் காட்டும்" என்றார். கல்லறைத் தோட்டத்து மதிலைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். உள்ளே அவர் கணவர். "இவரும் நம்ம வார்டுதான் சார்" என்றார் சாதாரணமாக.

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. முப்பது வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் பூத், ரேஷன் கடை, ஸ்டேஷனுக்குப் போகிற பஸ். இந்தப் பெண்மணி மில்லை விட்டு நகராமல் ஒவ்வொரு அடுப்பிலும் என்ன வேகிறது என்று தெரிந்து வைத்திருக்கிறார். இவர் கவுன்சிலர் ஆகாமல் வேறு யார் ஆவது என்று அன்றைக்கு உரக்கவே சொன்னேன். என் மனைவி என்னைக் கிள்ளினாள்.

நடந்து முடித்ததும் பெரிய தாளில் வார்டு வரைபடம் போட்டேன். வரைபடத்துக்குக் கோடு போடும் பழைய ராப்பிடோகிராஃப் பேனா ஒன்று அலமாரியில் காய்ந்து கிடந்தது, வெந்நீரில் ஊறவைத்து உயிர் கொடுத்தேன். எல்லைக் கோட்டை நல்ல தடிமனாக, சிவப்பில். எங்கள் தெருவும் எல்லையில் வந்தது, அதன் மேலும் சிவப்புக் கோட்டை இழுத்தேன். மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு குனிந்து பார்த்தாள்.

"நம்ம வீடு உள்ளேயா, வெளியேயா?"

"தெருவே எல்லைங்கிறப்ப தெரு உள்ளதானேடி இருக்கும்? இதுகூடத் தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன். சட்டமன்றத் தேர்தலில் தெரு முழுக்க ஒரே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போடுவோம், அதே நினைப்பு எனக்கு. படத்தை மில் சுவரில் ஒட்டினோம். மாவு வாங்க வருகிற பெண்கள் எல்லோரும் அதில் தங்கள் தெருவைத் தேடி விரல் வைத்துப் பார்த்தார்கள்.

மனுத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சான்றிதழ், உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து முடிக்க அன்றைக்குத்தான் தோது வந்தது. மூன்று மணி சுமாருக்கு மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அந்த அம்மா தலைக்குக் குளித்து, பாலிஷ் பண்ணின மாதிரி முகத்தோடு, இஸ்திரி போட்ட புடவையில் வந்திருந்தார். அன்றுதான் அவர் புருவம் கறுப்பு என்று தெரிந்தது. ஐந்து மணிக்குள் உள்ளே கொடுத்துவிட வேண்டும். மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண் அலுவலர் மனுவை வாங்கி வரிசையாகச் சரிபார்த்தார். முன்மொழிபவர் என்ற இடத்தில் விரலை வைத்தார். வாக்காளர் பட்டியலைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"சார், உங்க பேர் இந்த வார்டுல இல்லையே."

"இல்லாம எங்கம்மா போகும்? நல்லாப் பாருங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. இன்னொரு பட்டியலை எடுத்துப் புரட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினார். நானும் என் மனைவியும் ஒருவர் கீழ் ஒருவராக இருந்தோம். "இது பக்கத்து வார்டு சார். உங்க தெருவுல கிழக்குப் பக்கம் ஒரு வார்டு, மேற்குப் பக்கம் ஒரு வார்டு. எல்லை தெருவோட நடுவுல போகுது. வேட்பாளர் மாநகராட்சிக்குள்ள எந்த வார்டு வாக்காளரா இருந்தாலும் பரவாயில்ல. முன்மொழியிறவர் இந்த வார்டாதான் இருக்கணும்."

நடுவாக. தாளில் அந்த வார்த்தை இருந்தது. நானே வாய்விட்டுப் படித்திருக்கிறேன். எங்கள் தெரு நாலு ஆள் கைகோத்து நின்றால் அடைபடும் அகலம். நான் போட்ட சிவப்புக் கோட்டின் தடிமனுக்குள் தெரு, இரண்டு வரிசை வீடுகள், என் வீடு எல்லாம் அடங்கிப்போய்விட்டன. மெல்லிய முனையில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்று தடித்த முனையை எடுத்தேன், இவனுக்குப் பெயர் தொழில்காரனா? தூ என்று என்னையே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"சார், அஞ்சு வரைக்கும் டைம் கீதுல்ல? ஏன் மலைச்சிப்போய் நிக்கிறீங்க? வாங்க" என்று அவர்தான் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

வேலை நாள், பிற்பகல் வேளை. கிழக்கு வரிசையில் முக்கால்வாசி வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர், "எங்க கட்சி ஆளு நிக்கறாங்கம்மா, தப்பா எடுத்துக்காத" என்றார். இன்னொரு வீட்டில், "அவர் வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார்கள். அவர் வர ஏழு மணி ஆகும். பாக்கி இருந்தது ஒரே ஒரு வீடு, மில்லை ஒட்டி இருக்கும் டீச்சர் வீடு.

அந்த வீட்டுக்குப் போவதைப் பற்றி நாங்கள் இருவருமே வாயைத் திறக்கவில்லை. டீச்சர் ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். மில் சத்தத்தில் தன் வீட்டுச் சுவர் அதிர்கிறது, கொடியில் காயும் துணியில் மாவு படிகிறது என்று மில்லை மூடச் சொல்லி மனுமேல் மனு போட்டவர். மில்லுக்காரம்மாவோடு அவர் பேசியே பல வருஷம் ஆகிறது. மில் பக்கத்து ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார். நேருக்கு நேர் பார்த்தால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மணி நாலு ஆகிவிட்டது.

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மணியை அடித்தார். டீச்சர் கதவைத் திறந்து எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். நான் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னேன். என் தப்பு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

டீச்சர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார். "மில்லை மூடச் சொல்லி நான் எத்தனை மனு குடுத்திருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தெரியும் டீச்சர்."

"ஒருத்தராவது வந்து பார்த்தாங்களா? ஒரு பதில்? ஒரு ஆள்? நீ குடுத்த மனுவும் போச்சு, நான் குடுத்த மனுவும் போச்சு. கவுன்சிலர்னு ஒருத்தர் இருந்தா நேராப் போய்ச் சண்டை போடலாம். அது நீயா இருந்துட்டா எனக்கு இன்னும் வசதி. பஸ் ஏற வேண்டாம் பாரு. இரு, புடவை மாத்திண்டு வரேன்."

டீச்சர் புடவை மாற்றி, வாக்காளர் அட்டையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். முட்டி வலியில் ஆட்டோவில் ஏறச் சிரமப்பட்டார். மில்லுக்காரம்மா கையை நீட்டினார். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார், ஆனால் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கேம்ப் ரோடு சிக்னலில் வண்டிகள் அசையாமல் நின்றபோது மட்டும், "உன் மெஷினுக்கு அடியில ரப்பர் போட்டா அதிர்வு குறையும்னு எல்லாரும் சொல்றா. போடறதுதானே?" என்றார். "போடறேன் டீச்சர்" என்றார் இவர். ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது டீச்சர் திருத்தமான கையெழுத்தில் பெயரைப் போட்டார். மனு உள்ளே போனது. வெளியே வந்து நான் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கு வாசலில் நின்றிருந்தேன். அந்தக் காட்சியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். தெருவின் இரண்டு வரிசை வீடுகளிலும் கதவு திறந்தது. எல்லோரும் குளித்து முடித்து, அட்டையும் சீட்டுமாக இறங்கினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்து, "கிளம்பியாச்சா?" என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு கிழக்கு வரிசை முழுக்க வடக்கே திரும்பி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனது, மேற்கு வரிசை முழுக்க தெற்கே திரும்பி வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போனது. சீருடைக்காரன் ஒருவன் நின்று கையைக் காட்டவில்லை, கயிறு கட்டவில்லை, ஒரு சுண்ணாம்புக் கோடுகூடக் கிடையாது. யாரோ எழுதின ஒரு வார்த்தைக்கு ஒரு தெருவே இரண்டாகப் பிரிந்து நடந்தது. டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு மெல்ல வடக்கே போனார். நான் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனைவி, "கூட்டம் சேர்றதுக்குள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்கும் அந்த அம்மாவுக்கு ஓட்டுப் போட முடியாது, பாருங்கள். எல்லையைக் காலால் நடந்து அளந்தவன், படம் போட்டவன், எல்லாம் செய்தவன். என் முன்னால் இருந்த இயந்திரத்தில் நான் முகம் பார்த்திராத சிலருடைய பெயர்கள். யாருக்கோ அழுத்திவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை.

அவர் தோற்றுப்போனார். மூன்றாவதாக வந்தார். ஜெயித்தவர் ஊர்வலம் போனபோது எங்கள் தெருவிலும் பட்டாசு வெடித்தார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மில் சத்தம் கேட்டது. கொஞ்சம் மட்டுப்பட்ட சத்தம், அடியில் ரப்பர் போட்டிருந்தார். நான் ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். "வுடுங்க சார், இத்தினி பேர் போட்டதே பெர்சு" என்று சொல்லிவிட்டு யாருடைய கேழ்வரகையோ கொட்டினார். சுவரில் என் படம் இன்னும் இருந்தது. ஜெயித்தவர்களிடம் ஒரு மனு கொடுக்கலாமா என்று கேட்டேன். குடுத்தாச்சு என்றார். பார்ப்போம் என்றார்களாம்.

வெயில் காலம் போய் ஐப்பசி நெருங்கியது. ஒரு சாயங்காலம் தெற்கே மேகம் கறுத்திருந்தது. கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்தால், மில்லுக்காரம்மா. முகம் கழுவி, மனுத் தாக்கலுக்குக் கட்டின அந்த இஸ்திரிப் புடவையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னும் மனு ஏதாவது எழுதணுமாம்மா?" என்றேன்.

"இல்ல சார். எலக்‌ஷனப்போ ஓட்டுக் கேக்க இந்தப் பக்கம் நான் ஒரு வூட்டுக்கும் வரல. உங்க வரிசைல எனக்கு ஒரு ஓட்டுகூடக் கெடையாது, அதான் வரல. ஆனா இந்தப் பக்கத்து மாடித் தண்ணி மொத்தமும் எனக்குத்தான் சார் வருது. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். என் வீட்டு மதிலின் அடியில், தெருவைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். மாடியில் பெய்கிற மழை அத்தனையும் அது வழியாகத் தெருவில் கொட்டும். பக்கத்து வீட்டிலும் அப்படி ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும். வரிசை முழுக்க, ஒரே உயரத்தில், ஒரே திசையில். வீடு கட்டும்போது மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டித்தான் இருந்தோம். கார் நிறுத்த முன்பக்கம் டைல்ஸ் போட்டபோது அந்தக் குழியை மூடிக் குழாயைத் தெருவுக்குத் திருப்பினது நான்தான். ஆள் வைத்து, பக்கத்தில் நின்று, சாய்மானம் சரியாக இருக்கிறதா என்று அளந்து பார்த்துத் திருப்பினேன். அதற்குப் பிறகும் உட்கார்ந்து உட்கார்ந்து மனு எழுதியிருக்கிறேன், மில்லுக்குள் தண்ணீர் வருகிறது, அரசு ஆவன செய்ய வேண்டும் என்று.

அவர் குரலில் ஒரு துளி குற்றச்சாட்டு இல்லை. இது என் மனசை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. தோற்றுப்போன பெண், தன் வார்டும் இல்லாத பக்கத்தில், ஓட்டுக் கேட்கிறவர்கள் நிற்கிற அதே மாதிரி என் வாசலில் நிற்கிறார். எனக்கு அழுகை வந்தது.

"ஏம்மா, இத்தனை வருஷமா இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கதான மனு எய்திக் குடுக்கறவரு. உங்களாண்ட எப்டி சார் சொல்றது?"

மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "காலையில பிளம்பரை வரச் சொல்லிடறேன். டைல்ஸ் உடைஞ்சா உடையட்டும்" என்றாள். எனக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிவிட்டாள்.

"உள்ள வந்து உக்காரும்மா" என்றேன்.

"இல்ல சார், இன்னும் வூடுங்க கீது. மழை வரங்காட்டியும் எல்லாருகிட்டயும் கேட்டுறணும்" என்று அவர் திரும்பினார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் போய்ப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். அந்த வீட்டுக்காரர் கம்பிக் கதவைத் திறக்காமலே எங்கள் இருவரையும் பார்த்தார். "என்ன சார், எலக்‌ஷன்தான் முடிஞ்சுபோச்சே?"

"என் வீட்டுத் தண்ணியும் உங்க வீட்டுத் தண்ணியும் சேர்ந்துதான் இவங்க மில்லுக்குள்ள போயிருக்கு. இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சது. உங்க குழாயைப் பார்க்கலாம், கொஞ்சம் வெளிய வாங்க" என்றேன்.